"இப்போது பிசினஸ் விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் என்ன செய்வது?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது. சீனாவில் ஒரு மொழிப் பயிற்சி மையத்தில் ஆங்கிலம் கற்பிக்க வேலை கிடைத்திருக்கிறது. "எம் விசாவில் (வணிகப் பயண விசா) கிளம்பி வாருங்கள், மூன்று மாதத்தில் வேலை விசாவாக மாற்றித் தருகிறோம்" என்கிறார் ஏஜென்ட். இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றை அனுப்பி, இந்த வாரமே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார். இது சட்டப்படி சரியா? ஒப்பந்தத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? மற்ற நாடுகளிலும் இப்படித்தானா?

முதல் கேள்விக்குப் பதில்: சரியில்லை, அந்த ஏற்பாட்டில் கிளம்பாதீர்கள். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் பணத்தை இழப்பவர்களும், தடுப்புக் காவல் வரை போனவர்களும் பெரும்பாலும் ஏமாளிகள் கிடையாது. படித்தவர்கள்தான். எந்தக் காகிதம் எதற்கு என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அதிலிருந்தே தொடங்குகிறேன். வெளிநாட்டில் சட்டப்படி வேலை பார்க்கப் பொதுவாக மூன்று அனுமதிகள் தேவைப்படும். ஒன்று, நாட்டுக்குள் நுழைய விசா. இரண்டு, அங்கே வேலை செய்ய அனுமதி, அதாவது வொர்க் பெர்மிட். மூன்று, அங்கே தங்கி வாழ்வதற்கான குடியிருப்பு அனுமதி. சில நாடுகளில் இவை தனித்தனிக் காகிதங்கள். சில நாடுகளில் இரண்டை ஒன்றாகச் சேர்த்துத் தருவார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவைப் பார்த்துவிட்டு "எல்லாம் முடிந்தது" என்று நினைப்பதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. விசா உங்களை விமான நிலையத்தைத் தாண்ட விடும், அவ்வளவுதான். வகுப்பறையில் நின்று பாடம் நடத்தும் உரிமையைத் தருவது வேலை அனுமதி.

சீனாவில் நடைமுறை இப்படி இருக்கும். உங்கள் பட்டச் சான்றிதழ், காவல்துறையின் குற்றமின்மைச் சான்று, மருத்துவச் சான்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு முதலாளி முதலில் அங்குள்ள அரசு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால் "வெளிநாட்டவர் வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம்" ஒன்று வரும். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் உங்கள் நாட்டில் உள்ள சீனத் தூதரகம் வழியாக இசட் விசா வாங்க வேண்டும். இசட் விசாதான் வேலைக்கான விசா. சீனாவில் இறங்கிய 15 நாட்களுக்குள் வேலை அனுமதிக்கும், 30 நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலாளி செய்ய வேண்டிய கடினமான வேலை முழுவதும் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. "முதலில் வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்பவர் அந்த வேலையைத் தவிர்க்கிறார் என்று பொருள். அவரிடம் வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கும் தகுதி இல்லாமல் இருக்கலாம். உங்கள் ஆவணங்கள் அந்த விதிக்குப் பொருந்தாமலும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும், மூன்று மாதம் கழித்து அது தானாகச் சரியாகிவிடாது.

எம் விசா வணிகப் பயணத்துக்கானது. சரக்கு வாங்க, கண்காட்சி பார்க்க, பேச்சுவார்த்தை நடத்த வருபவர்களுக்குத் தருவது. அதில் போய்ப் பாடம் நடத்தினால் அது சட்டவிரோத வேலை. சுற்றுலாவுக்கான எல் விசாவுக்கும் இதே கதிதான். மாணவர் விசாவில் இருப்பவர் முறையான அனுமதி வாங்காமல் பாடம் நடத்தினாலும் அப்படித்தான். 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சீனாவின் நுழைவு, வெளியேற்ற நிர்வாகச் சட்டத்தில் தண்டனை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. சட்டவிரோதமாக வேலை செய்த வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் கடுமையானது என்று கருதினால் அதோடு 5 முதல் 15 நாட்கள் காவல். திருப்பி அனுப்பப்பட்டால் 1 முதல் 5 ஆண்டுகள் வரை மீண்டும் நுழைய முடியாது. வேலைக்கு வைத்தவருக்கும் ஒரு ஆளுக்கு 10,000 யுவான் அபராதம் உண்டு, ஆனால் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஆபத்தில் இருவரின் பங்கும் சமமில்லை. முதலாளிக்கு அது தொழிலில் வரும் ஒரு செலவு. அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த வாரம் வேறொருவரைக் கூட்டிவருவார். காவலில் இருப்பதும் ஊர் திரும்புவதும் நீங்கள். அதனால் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இதுவரை ஒருவரும் மாட்டியதில்லை" என்ற உறுதிமொழிக்கு எந்த மதிப்பும் கிடையாது.

எல்லா நாட்டிலும் "முதலில் வாருங்கள்" என்பது பொய்தானா என்றால், இல்லை. இங்கே நியாயமாகப் பேச வேண்டும். தாய்லாந்தில் வேறு விசாவில் நுழைந்தவர்கள், பள்ளி தரும் ஆவணங்களுடன் குடிவரவு அலுவலகத்தில் வேலைக்கான நான்-இமிக்ரன்ட் பி விசாவுக்கு மாறுவதற்குச் சட்டப்படி வழி உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்திலும் நாட்டுக்குள் இருந்தபடியே நிலையை மாற்றிக்கொள்ளலாம். நேர்முகத் தேர்வுக்காகவோ ஊரைப் பார்க்கவோ சுற்றுலா விசாவில் போவதும் தவறில்லை. ஆகவே எந்த விசாவில் நுழைகிறீர்கள் என்பதை மட்டும் வைத்து ஒரு முதலாளியை எடைபோட முடியாது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "வேலை அனுமதி என் பெயரில் வரும்வரை நான் வகுப்பு எடுக்க மாட்டேன். அந்த நாட்களுக்குத் தங்குமிடமும் செலவும் யார் பொறுப்பு?" ஒழுங்கான பள்ளி இதற்கு நிதானமாகப் பதில் சொல்லும். மற்றவர்கள் "சும்மா வந்து உட்காருங்கள், குழந்தைகளோடு பேசுங்கள், அது வேலையில் சேராது" என்பார்கள். அது வேலைதான். சம்பளம் வாங்காத "டெமோ" வகுப்பையும் சோதனை வந்தால் வேலையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

தாய்லாந்தில் அனுமதியின்றி வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், அதோடு திருப்பி அனுப்புதல், அதற்குப் பிறகு 2 ஆண்டுகள் வேலை அனுமதி கேட்கவே முடியாது. வியட்நாமில் 1.5 கோடி முதல் 2.5 கோடி டாங் வரை அபராதமும் வெளியேற்றமும். எண்களும் விதிகளும் அவ்வப்போது மாறும். தூதரகத்தின் பக்கத்தில் அந்த ஆண்டின் விதியைப் படித்துக்கொள்ளுங்கள். அடிப்படை மட்டும் எங்கும் ஒன்றுதான்.

சரி, ஒரு வேலை அனுமதி கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் நான்கு விஷயங்கள் உங்கள் உண்மை நிலையோடு பொருந்த வேண்டும்: யாருடைய பெயரில், எந்த இடத்தில், என்ன வேலைக்கு, எந்தத் தேதியிலிருந்து. இந்த நான்கில் ஒன்று பிசகினாலும் உண்மையான அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டே நீங்கள் சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள்.

நடைமுறையில் அதிகம் பிசகுவது பெயரும் இடமும். வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கும் உரிமம் இல்லாத ஒரு மழலையர் பள்ளி, உரிமம் உள்ள ஒரு "ஆலோசனை நிறுவனத்தின்" பெயரில் உங்களுக்கு அனுமதி வாங்கித் தரும். விசா உண்மையானது, முத்திரை உண்மையானது, எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஆனால் நீங்கள் தினமும் போய் நிற்கும் கட்டடம் அந்தக் காகிதத்தில் இருக்காது. அனுமதியின் வரம்பைத் தாண்டி வேலை செய்வதும் சட்டவிரோத வேலைதான் என்று சீனச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரே நிறுவனத்தின் வேறொரு கிளைக்கு "இந்த வாரம் மட்டும்" அனுப்பினாலும் சிக்கல் வரலாம். அதனால் ஒப்பந்தத்தில் இருக்கும் நிறுவனப் பெயர், அறிவிப்புக் கடிதத்தில் இருக்கும் பெயர், சம்பளம் போடப்போகும் பெயர், கட்டடத்தின் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் ஆகிய நான்கையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். வேறுபட்டால் காரணம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

நிறுவனம் உண்மையா என்று பார்க்க அந்த நாட்டு மொழியில் உள்ள சட்டப்பூர்வப் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். விளம்பரத்தில் வரும் அழகான ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. சீனாவில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்கப் பதிவுக் குறியீட்டு எண் உண்டு. அது வணிக உரிமத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அரசின் நிறுவனத் தகவல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு செய்த முகவரி, என்ன தொழிலுக்கு உரிமம், சட்டப் பிரதிநிதி யார் என்பதெல்லாம் தெரியும். தொழிலின் வரம்பில் கல்வியோ பயிற்சியோ இல்லாமல் ஏற்றுமதி இறக்குமதி மட்டும் இருந்தால், உங்களுக்கு ஏன் எம் விசா தருகிறார்கள் என்பதும் அங்கேயே புரிந்துவிடும். தென் கொரியாவில் ஹாக்வான் எனப்படும் தனியார் பயிற்சி மையங்கள் கல்வி அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்றின் நகலைக் கேட்பது வழக்கமான ஒன்று, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அமீரகத்தில் மனிதவள அமைச்சகம் வழியாக வரும் ஆஃபர் லெட்டரைத்தான் முதலில் கையெழுத்திட வேண்டும். அதை அமைச்சகத்தின் தளத்திலேயே சரிபார்க்க முடியும். பிறகு வரும் ஒப்பந்தம் அந்தக் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

இன்னொரு பக்கம் உங்கள் தகுதி. பாஸ்போர்ட் பற்றிய கசப்பான உண்மை ஒன்று இருக்கிறது, ஏஜென்ட்கள் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கொரியாவின் ஈ-2 ஆங்கில ஆசிரியர் விசா ஏழு நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென் ஆப்பிரிக்கா. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியக் குடிமக்களுக்கு அரசுப் பள்ளிகளில் துணை ஆசிரியராகும் வாய்ப்பு தனியாக உண்டு. ஆனால் ஹாக்வான் வேலைக்கு அது செல்லாது. சீனாவில் மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அதோடு பட்டமும் இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். கல்வியியல் பட்டமோ ஆசிரியர் உரிமமோ டெஃபல் போன்ற ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழோ இருந்தால் அனுபவ நிபந்தனையைத் தளர்த்துவார்கள். ஜப்பானில் இப்படி நாட்டுப் பட்டியல் இல்லை. ஆனால் பள்ளிகளுக்கான "பயிற்றுநர்" விசா வகையில் ஒரு மொழியைக் கற்பிக்க, அந்த மொழியில் 12 ஆண்டுகள் கல்வி பெற்றிருக்க வேண்டும். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இது நல்ல செய்தி. பள்ளியிலிருந்து பயிற்றுமொழிச் சான்று ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதிகளுக்கு நீங்கள் பொருந்தவில்லை என்றால், "அனுபவக் கடிதம் நாங்களே தயார் செய்கிறோம்", "பட்டத்தைப் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சு வரும். அந்த இடத்தில் உரையாடலை முடித்துக்கொள்ளுங்கள். போலி ஆவணத்தில் இருப்பது உங்கள் பெயர். விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. பிடிபட்டால் அந்த ஏஜென்ட்டின் தொலைபேசி எண் அடுத்த நாள் வேலை செய்யாது.

ஆவணங்களுக்குச் சான்றொப்பம் வாங்குவதையும் முன்கூட்டியே தொடங்குங்கள். 1961 ஹேக் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்கு இடையே, ஆவணம் உண்மையானது என்று உங்கள் நாட்டு அரசு போடும் அப்போஸ்டில் முத்திரை ஒன்றே பொதுவாகப் போதும். ஜப்பானும் கொரியாவும் அதில் நெடுநாளாக இருக்கின்றன. சீனாவுக்கு அது நடைமுறைக்கு வந்தது 2023 நவம்பர் 7இல், ஆனால் எல்லா உறுப்பு நாடுகளோடும் அது செல்லாது, உங்கள் நாட்டு ஆவணத்துக்குப் பொருந்துமா என்று சீனத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சவூதி அரேபியாவும் 2022 டிசம்பர் முதல் அதில் உண்டு. அதில் சேராத நாடு என்றால் வெளியுறவு அமைச்சகம், பிறகு தூதரகம் என்று படிப்படியாகப் போக வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். உண்மையான முதலாளி உங்களிடம் இந்த ஆவணங்களைக் கேட்டு நச்சரிப்பார். பட்டத்தின் அசலைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காத முதலாளியைப் பார்த்தால்தான் பயப்பட வேண்டும்.

இனி ஒப்பந்தம். இரண்டு பக்கம் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. குறைவான பக்கத்தில் எழுதினால் தவறு என்று சட்டமில்லை. ஆனால் எழுதாமல் விட்டதெல்லாம் முதலாளியின் விருப்பம் ஆகிவிடும்.

முதலில் மொழி. இரு மொழிகளில் ஒப்பந்தம் இருந்தால், முரண்பாடு வந்தால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில். அது உள்ளூர் மொழி என்றால் நீங்கள் படித்த ஆங்கிலப் பிரதி வெறும் விளக்கக் குறிப்புதான். அந்த மொழி தெரிந்த, அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் காட்டி இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். இதற்குச் செலவாகும் பணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சீனாவில் இன்னொன்றும் நடக்கும்: அரசு அலுவலகத்துக்கு ஒரு மாதிரி ஒப்பந்தம், உங்களுக்கு இன்னொன்று. இரண்டிலும் சம்பளம் வேறாக இருக்கும். வழக்கு என்று வந்தால் அரசிடம் இருப்பதுதான் எடுபடும் என்ற நினைப்போடு, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். நிறுவனத்தின் சிவப்பு முத்திரை இல்லாமல் வெறும் கையெழுத்து மட்டும் இருக்கும் பிரதியைச் சீனாவில் முடிந்த ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது நேரம். "வாரம் 25 மணி நேரம்" என்று போட்டிருக்கும். அது பாடம் நடத்தும் நேரமா, பள்ளியில் இருக்க வேண்டிய மொத்த நேரமா? பாடத் தயாரிப்பு, விடைத்தாள், பெற்றோர் சந்திப்பு, வார இறுதி விளம்பர நிகழ்ச்சி எல்லாம் எதில் சேரும்? "நிர்வாகம் அவ்வப்போது ஒதுக்கும் பிற பணிகள்" என்ற வரிக்கு ஒரு உச்சவரம்பு போடச் சொல்லுங்கள். கூடுதல் மணிக்கு எவ்வளவு என்பதும் எண்ணாக இருக்க வேண்டும்.

சம்பளத்தில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல் அது எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அமீரகத்தில் பணி முடிவில் தரும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கிடப்படுகிறது. மொத்தச் சம்பளம் ஒரே மாதிரி இருந்தாலும், அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஏற்றியிருந்தால் கடைசியில் கைக்கு வருவது பாதியாகிவிடக்கூடும். கொரியாவில் ஓராண்டு முடித்தால் ஒரு மாதச் சம்பளம் அளவுக்குப் பணிமுடிவுத் தொகை தர வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் அங்கே சிலர் 11ஆம் மாதத்தில் ஏதாவது காரணம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த ஊரில் இன்னொரு தந்திரம், உங்களை ஊழியர் என்று காட்டாமல் தனிப்பட்ட ஒப்பந்தக்காரர் என்று காட்டி 3.3 சதவீத வரி மட்டும் பிடிப்பது. கேட்க லாபம் போலத் தெரியும். ஓய்வூதியப் பங்கு, மருத்துவக் காப்பீட்டில் முதலாளியின் பாதி, பணிமுடிவுத் தொகை எல்லாம் அதில் போய்விடும். சம்பளத்தில் 3.3 என்ற எண்ணைப் பார்த்தால் உடனே கேள்வி கேளுங்கள். ஜப்பானில் வாரம் 29.5 மணி நேரம் என்று ஒப்பந்தம் போடும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது, முழுநேர ஊழியருக்கான சமூகக் காப்பீட்டுப் பொறுப்பைத் தள்ளிவிடுவதற்காக.

அபராதப் பிரிவு பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். "ஓராண்டுக்கு முன் விலகினால் இரண்டு மாதச் சம்பளம் கட்ட வேண்டும்" என்ற மாதிரி. ஜப்பானின் தொழிலாளர் தர நிலைச் சட்டம் 16ஆம் பிரிவும், கொரியாவின் அதே பெயருள்ள சட்டம் 20ஆம் பிரிவும் இப்படி முன்கூட்டியே அபராதத் தொகை குறிப்பதைத் தடை செய்கின்றன. சீனாவின் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டமும் முதலாளி செலவழித்த சிறப்புப் பயிற்சி, போட்டி நிறுவனத்துக்குப் போகாதிருத்தல் என்ற இரண்டைத் தவிர ஊழியர் மீது இப்படிச் சுமத்தக் கூடாது என்கிறது. ஆனால் வெளிநாட்டவர் வழக்கில் ஒப்பந்த வாசகத்துக்கு எவ்வளவு எடை தருவது என்பதில் நகரத்துக்கு நகரம் நடைமுறை வேறுபடுகிறது. ஆகவே சட்டம் காப்பாற்றும் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாமல், அந்த வரியை அடிக்கச் சொல்வதே நல்லது. அவர்கள் உங்களுக்காக உண்மையிலேயே செலவழித்த விமான டிக்கெட், விசா கட்டணம் ஆகியவற்றை மாதக் கணக்கில் குறைந்துகொண்டே வரும்படி திருப்பித் தருகிறேன் என்று எழுதலாம், அது நியாயம். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை "வைப்புத் தொகை" என்று பிடித்துவைப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பிரச்சினை வரும்போது அந்தப் பணம் திரும்ப வராது.

விலகும் வழி என்ன என்பதைச் சேரும்போதே பார்க்க வேண்டும், ஏனென்றால் விசா அங்கேதான் உங்களைக் கட்டிப்போடும். கொரியாவில் ஈ-2 விசா அந்த முதலாளியோடு பிணைந்தது. ஒப்பந்தக் காலம் முடியும் முன் வேறு இடத்துக்கு மாற, பழைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் தேவைப்படும். அதைத் தர மறுத்தே ஆட்களைப் பிடித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். சீனாவிலும் பழைய அனுமதியை ரத்து செய்த காகிதம் இல்லாமல் புதியது கிடைப்பது கடினம். தாய்லாந்தில் வேலை முடிந்த நாளோடு தங்கும் அனுமதியும் முடிந்துவிடும். ஜப்பான் இதில் மாறுபட்டது. அங்கே தங்கும் நிலை, அதாவது தங்குவதற்கான அனுமதி, உங்களுக்கே சொந்தம். வேலை மாறினால் 14 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தால் போதும், காரணமின்றி மூன்று மாதங்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. 2007 அக்டோபரில் ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பயிற்சி நிறுவனமான நோவா திவாலானபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது, பலர் நிறுவனம் கொடுத்த வீட்டையும் இழக்கும் நிலைக்கு வந்தார்கள். ஆனால் தங்கும் நிலை நிறுவனத்தோடு கட்டுண்டிருக்காததால், அந்நாட்டிலேயே வேறு வேலை தேட அவர்களால் முடிந்தது. இதே விபத்து முதலாளியோடு பிணைந்த விசா உள்ள நாட்டில் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் "பணி முடிந்தால் எத்தனை நாட்களுக்குள் விடுவிப்பு, ரத்து ஆவணங்களைத் தருவோம்" என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்கட்டும்.

வீடு, டிக்கெட், காப்பீடு பற்றி நீட்டி எழுதவில்லை. யார் கட்டுவது, எப்போது தருவது என்று எண்ணும் தேதியும் இருந்தால் போதும்.

பணம் கேட்டால்? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் உடன்படிக்கை, வேலைக்கு ஆள் சேர்க்கும் தனியார் முகவர்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைக்கிறது. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஆள்சேர்ப்புச் செலவை ஊழியர் தலையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டக் கூடாது என்கிறது. உங்கள் சொந்த ஆவணங்களுக்கான சான்றொப்பக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை இவை உங்கள் செலவாக இருப்பது வழக்கம்தான், அதையும் நீங்களே நேரடியாக அலுவலகத்தில் கட்டுங்கள். "இடத்தை உறுதிசெய்ய" என்று தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் அது வேலையே கிடையாது. பாஸ்போர்ட்டையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விசா முத்திரைக்காகச் சில நாட்கள் கொடுப்பது தவிர்க்க முடியாதது. அப்போது ரசீது வாங்குங்கள். "பாதுகாப்புக்காக அலுவலகத்தில் வைத்திருப்போம்" என்றால் மறுத்துவிடுங்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாக அதே பன்னாட்டு அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது.

இப்போது அங்கே வேலை செய்யும் ஆசிரியர் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்துத் தரும் ஆளோடு மட்டும் நிறுத்தாமல், கடந்த ஆண்டு விலகியவர் ஒருவரையும் கேளுங்கள். அவரிடம் "பள்ளி நல்ல பள்ளியா" என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. "எந்த விசாவில் வந்தீர்கள், முதல் வகுப்பு எடுத்தது அனுமதி வருவதற்கு முன்பா பின்பா, கடைசி மாதச் சம்பளம் எப்போது வந்தது" என்று கேளுங்கள். இந்த மூன்று பதிலும் சேர்ந்தாலே கிட்டத்தட்ட எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் அந்த நாட்டுத் தூதரகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: இந்த நிறுவனம், இந்த வேலை, இந்த விசா, இது அனுமதிக்கப்பட்டதா? எழுத்தில் வரும் பதிலை ஏஜென்ட்டுக்கு அப்படியே அனுப்புங்கள். அதற்குப் பிறகு அவர் பேசும் தொனி மாறுகிறதா என்று பாருங்கள்.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் சீனா பள்ளிக்கு வெளியே நடக்கும் பயிற்சித் தொழில்மீது கடுமையான கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. பள்ளிப் பாடங்களுக்கான லாப நோக்குப் பயிற்சி முடக்கப்பட்டது, வெளிநாட்டில் இருந்தபடி இணையத்தில் சீனக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்த வெளிநாட்டவரை அமர்த்துவதும் தடுக்கப்பட்டது. ஆங்கிலம் அந்தப் பள்ளிப் பாடங்களில் ஒன்று. அதன்பின் பல மையங்கள் பெயரை மாற்றிக்கொண்டு "நாடகம்", "ஆளுமை வளர்ச்சி" என்ற பலகையின் கீழ் அதே வேலையைச் செய்தன. உங்களை அழைத்த மையத்தின் உரிமம் எதற்கானது என்று பார்ப்பது இந்தக் காரணத்தால் இரட்டிப்பு முக்கியம்.

முறையான விசாவில் போய்ச் சேர்ந்த பிறகு கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். சீனாவில் ஹோட்டல் தவிர வேறெங்கு தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். கொரியாவில் 90 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டை. எல்லா அனுமதிகளையும் படமெடுத்து, அந்த நிறுவனத்தின் கணினியோ மின்னஞ்சலோ இல்லாத வேறிடத்தில் சேமியுங்கள். சம்பளச் சீட்டும் வரிப் பதிவும் மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். வேலை அனுமதி உள்ளவர்கூட மாலையில் தனியாக டியூஷன் எடுத்தால் அது மீறல். கொரியாவில் ஈ-2 விசாவில் வீட்டு டியூஷன் எடுத்துப் பிடிபடுபவர்கள் விசாவையே இழக்கிறார்கள்.

ஏற்கெனவே தவறான விசாவில் போய் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால்: நாளை முதல் வகுப்பு எடுப்பதை நிறுத்துங்கள். விசாக் காலம் முடிவதற்குள் வெளியேறினால், சோதனையில் பிடிபட்டு வெளியேற்றப்படுபவர்களுக்கு வரும் மறுநுழைவுத் தடையைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். செய்த வேலைக்குச் சம்பளம் வரவில்லை என்றால் அந்நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்கலாமா என்று முதலில் உங்கள் தூதரகத்திலோ உள்ளூர் வழக்கறிஞரிடமோ பேசுங்கள். கொரியாவில் விசா நிலை எப்படியிருந்தாலும் செய்த வேலைக்கான கூலி உரியது என்பது நிலைபெற்ற நடைமுறை. மற்றபடி, நீங்கள் எந்த நாட்டில் மாட்டியிருக்கிறீர்கள் என்று தெரியாமல் பொதுவாக ஒரு பதில் தருவது ஆபத்து.

கேட்டவருக்கு, இன்றைக்கே ஏஜென்ட்டுக்கு அனுப்ப ஒரு பதில் இது. "எனக்கு விருப்பம்தான். நிறுவனத்தின் சீனப் பெயர், வணிக உரிமத்தின் நகல், நான் வேலை செய்யப்போகும் முகவரி ஆகியவற்றை அனுப்புங்கள். என் ஆவணங்களை வேலை அனுமதிக்கு அனுப்பத் தயார். அறிவிப்புக் கடிதம் வந்ததும் இசட் விசாவுக்கு விண்ணப்பிக்கிறேன், அதற்குப் பிறகு டிக்கெட் போடலாம். ஒப்பந்தத்தின் சீன, ஆங்கிலப் பிரதிகளைப் படிக்க எனக்கு இரண்டு வாரம் வேண்டும்." பட்டம், குற்றமின்மைச் சான்று ஆகியவற்றின் சான்றொப்ப வேலையை அவர் பதிலுக்குக் காத்திராமல் தொடங்கிவிடுங்கள், அடுத்த முதலாளிக்கும் அவை பயன்படும்.